ரீவொர்க்கில் நின்றுவிட்ட பிள்ளை

முதல் ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் என்னையும் நர்சரியிலிருந்து அழைத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குள் நுழையும்போது, எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த கம்பெனி வாசனைக்கு நடுவே, அவருடைய சட்டைப் பையிலிருந்து மட்டும் தனியாக ஒரு பசை வாசனை வரும். எனக்கு அந்த வாசனை என்றால் உயிர். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் பைக்குள் கையை விட்டுவிடுவேன். பொட்டு அளவில் வட்ட வட்டமாக, சரியாக ஒட்டாமல் போன ஸ்டிக்கர்கள் நாலைந்து எப்படியும் அங்கே கிடக்கும்: பச்சை, மஞ்சள், எப்போதாவது ஒரு சிவப்பு. ஒரகடத்தில் வண்டிகளின் பிரேக்குக்கு இரும்புப் பாகம் வார்க்கும் ஒரு கம்பெனியில் அப்பா தரம் பார்க்கும் வேலையில் இருந்தார். நாள் முழுக்கப் பாகங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக இருந்தால் பச்சை, சின்னக் குறை என்றால் மஞ்சள், தேறவே தேறாது என்றால் சிவப்பு என்று ஒட்டிவிடுவதுதான் அவருடைய பிழைப்பு.

வீட்டிலும் அவர் அதையே விளையாட்டாக்கி வைத்திருந்தார். அம்மா சுட்ட தோசை முழுசாக வந்தால் "ஓகே", பிய்ந்து வந்தால் "ரீவொர்க்", அதாவது மஞ்சள். நான் சாப்பிடாமல் அடம் பிடித்தால் நெற்றியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் விழும். ஒரு நாள் நான் கேட்டேன், பச்சை ஒட்டினதெல்லாம் எங்கே போகும் என்று. "ஓகே ஆனதெல்லாம் சாயங்காலம் வண்டியில ஏத்தி அனுப்பிருவோம் பாப்பா, தூரமாப் போயிரும். மஞ்சள் ஒட்டினது மட்டும் சரி பண்ணுற வரைக்கும் இங்கனயேதான் கெடக்கும்" என்றார். அப்போ சிவப்பு? "அத நொறுக்கி உருக்கிருவாங்க" என்று கையை முறுக்கிக் காட்டினார். ஐந்து வயசுப் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம் என்று பெரியவர்கள் யோசிப்பதே இல்லை. அவர் விளையாட்டாகச் சொன்ன இந்தப் பேச்சை வைத்துக்கொண்டு நான் என்ன காரியம் செய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்; படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில், வரிசையாக ஐந்து "போர்ஷன்" உள்ள ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு, வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கென்று வந்தவர்கள். வீட்டுக்காரம்மா கௌரியக்கா அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே வாக்கப்பட்டவர்; நெல் போட்ட நிலத்தில் பாதியை விற்றுவிட்டு மீதியில் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கட்டிவிட்டிருந்தார். அம்மா, கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் இருந்தாள். ஆள் உயரத்துக்குச் சாய்த்து வைத்த பலகையில் வண்ண வண்ண ஒயர்களை வழி பிசகாமல் படுக்க வைத்துக் கறுப்பு டேப் சுற்றுவது அவள் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவள் விரல் நுனிகள் கொஞ்சம் கறுத்தே இருக்கும். அப்பா காலை ஷிஃப்ட் என்றால் அம்மா மத்தியான ஷிஃப்ட், அடுத்த வாரம் தலைகீழ். பக்கத்துத் தெருவில் விமலா மிஸ் நடத்திய நர்சரியில் மூன்று மணிக்கு என்னை அழைத்துப்போக யார் வந்து நிற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எனக்கு வாரம் மாறியதே தெரியும். திங்கள், செவ்வாய் எல்லாம் மிஸ்ஸுக்காகச் சொல்லும் பாட்டு, அவ்வளவுதான்.

அந்த நர்சரியில் எல்கேஜியும் யூகேஜியும் மட்டும்தான். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, சுவரில் ஆப்பிளும் ஆனையும். நான் யூகேஜி முடிக்கிற வருஷம் மிஸ் புதிதாக ஒரு யோசனை செய்திருந்தார்: பெரிய காலேஜில் செய்கிற மாதிரி எங்களுக்கும் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் "பட்டம்" கொடுப்பது. வாடகைக்கு எடுத்து வந்த அங்கிகள் ஒரு வாரம் முன்னதாகவே ஜன்னல் கம்பியில் தொங்கின. வெயில் தொடங்கிவிட்டது, குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது, பிள்ளைகளெல்லாம் லீவு லீவு என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மாமா வீட்டுக்குப் போகிறாளாம், இன்னொருத்தன் கடலுக்குப் போகிறானாம். லீவே வர வேண்டாம் என்று இருந்தது எனக்கு மட்டும்தான். ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துபோயிருந்தது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை "லைன் லீடர்" ஆக்கப்போகிறார்கள் என்பது செய்தி. முப்பது பெண்கள் வேலை செய்யும் வரிசைக்கு அவள்தான் பொறுப்பு. கையில் நீலப் பட்டை கட்டிக்கொள்ளலாம். ஆறு வருஷம் நின்ற காலோடு வேலை பார்த்ததற்குக் கிடைத்த பேர். அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் எனக்கு அறிமுகமில்லாத ஒரு குரலாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம். ஆனால் லீடரானால் ஷிஃப்ட்டை அப்பாவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கேட்க முடியாது. லைன் எந்த ஷிஃப்ட்டில் ஓடுகிறதோ அதில்தான் போக வேண்டும். நர்சரியும் இரண்டு மாசம் மூடிவிடும். பிள்ளையை யார் பார்ப்பது? கடைசியில் அப்பாதான் சொன்னார், ஊரில் பெரியம்மா வீட்டில் விட்டுவிடலாம், அங்கேயே ஒண்ணாப்பும் சேர்த்துவிடலாம், ஒரே ஒரு வருஷம்தானே என்று. அம்மா என் நெற்றி வேர்வையைத் துடைத்தாள். பிறகு, "யூகேஜி முடிச்சதும் அனுப்பிருவோம்" என்றாள்.

ஒரு வருஷம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துப் போர்ஷனில் ராஜபாளையத்துக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மகனை இரண்டு வயசிலேயே ஊரில் பாட்டி வீட்டில் விட்டிருந்தார்கள். தீபாவளிக்கு அவனைக் கூட்டிவந்தபோது, அவன் தன்னைப் பெற்ற அம்மாவைச் "சித்தி" என்று கூப்பிட்டான். ஊரில் அவன் கூட வளரும் பெரியம்மா பிள்ளைகளெல்லாம் அவளை அப்படித்தானே கூப்பிடுவார்கள், அவனும் அதையே பிடித்துக்கொண்டான். குழாயடியில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள், அந்த அக்காவும் கூடவே சிரித்தார். அப்புறம் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குடம் நிரம்பி வழிந்து ஓடியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் அப்படி ஆகிவிடும், நானும் அம்மாவை வேறு என்னவோ சொல்லிக் கூப்பிடப் போகிறேன் என்ற பயம் அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தது.

அழுது பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அழுதால் பெரியவர்கள் மிட்டாய் வாங்கித் தருவார்கள், ஆனால் முடிவை மாற்ற மாட்டார்கள் என்பது அந்த வயசுக்குள்ளேயே எனக்குப் புரிந்திருந்தது. அந்த நேரத்தில் விமலா மிஸ் ஒரு நாள், எழுதாமல் விளையாடிக்கொண்டிருந்த ஒருவனை அதட்டினார்: "எல்லாம் முடிச்சவங்க அங்கி போட்டுக்கினு போயிடுவாங்க. முடிக்காதவன் இங்கேயே என்கூட உக்காந்துக்கினு கெட." அவனுக்கு அது மிரட்டல். எனக்கு அது வழி. அப்பா சொன்னதும் மிஸ் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது: நன்றாக இருப்பதை அனுப்பிவிடுவார்கள், குறை உள்ளது நின்றுவிடும். அவ்வளவு பெரிய ஊரில் அத்தனை கம்பெனியும் இந்த ஒரே விதியில்தான் ஓடுகிறது என்றால், என்னை மட்டும் ஏன் விட்டு வைப்பார்கள்? நான் மஞ்சள் ஆகிவிடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அதில் ஒரு கஷ்டம் இருந்தது. ரொம்பவும் கெட்டுப்போனால் சிவப்பு ஆகிவிடும். பிள்ளைகளை நொறுக்கி உருக்குவார்களா என்று யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே அளவோடு கெட வேண்டும். கடைசிப் பரீட்சை வாரத்தில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் எழுதிய எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படி யோசித்து யோசித்து வேலை பார்த்ததில்லை. உயிரெழுத்தில் எ வரைக்கும் எழுதிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தேன். மூன்றை இந்தப் பக்கம் பார்க்காமல் அந்தப் பக்கம் பார்க்க வைத்தேன். இங்கிலீஷில் பி-யும் டி-யும் இடம் மாறின. பாட்டுச் சொல்லச் சொன்னபோது எழுந்து நின்று வாயைத் திறக்காமல் சுவரில் இருந்த ஆனையைப் பார்த்தேன். மிஸ் முதலில் சிரித்தார், அப்புறம் கோபப்பட்டார், அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். போன மாசம் வரைக்கும் நான் எல்லாம் எழுதியவள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அம்மாவைச் சித்தி என்று கூப்பிட்ட அந்தப் பையனை நினைத்துக்கொண்டேன், வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரம் என் இடுப்பில், உள்பாவாடை நாடாவுக்குக் கீழே, ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அப்பாவின் பையிலிருந்து எடுத்ததுதான். யாராவது கடைசி நேரத்தில் என்னைத் தப்பாகப் பச்சை என்று எண்ணி வண்டியில் ஏற்றிவிடக் கூடாதே. குளிக்க வைக்கும்போது அம்மா அதைப் பார்த்துவிட்டாள். கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "கம்பெனியில இருக்குற குப்பையெல்லாம் எம்பிள்ள மேலதான் கெடக்கு" என்று அப்பாவைத் திட்டிக்கொண்டே அதை நகத்தால் சுரண்டி எடுத்துச் சுவரில் அப்பிவிட்டாள். ஆயிரம் பாகத்தில் ஒன்றில் இருக்கும் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்துவிடும் அப்பாவும் அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஒருவர், ஒரே ஒருவர், ஏன் பாப்பா இதை ஒட்டிக்கொண்டாய் என்று கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன்.

மிஸ் அம்மாவை வரச் சொல்லி ஆள் விட்டார். அம்மா காலை ஷிஃப்ட் முடிந்து, கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி, சாம்பல் நிற மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக நர்சரிக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அவளுக்கு அங்கே உட்காரக் கிடைத்தது பிள்ளைகளின் நாற்காலிதான். முழங்கால் மார்பைத் தொட அதில் உட்கார்ந்துகொண்டு என் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் கதவு ஓரத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்றேன். மிஸ் கெட்டவர் இல்லை, என்மேல் அக்கறை உள்ளவர்தான், அதனால்தான் அப்படிப் பேசினார். "போன மாசம் வரைக்கும் நல்லா எழுதிக்கினு இருந்த கொழந்தை. இப்ப கையே வரல. நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஷிஃப்ட்டுக்குப் போயிக்கினு இருந்தா, அது யாரத்தான் பாத்துக் கத்துக்கும்? பெத்தவ கூட இல்லன்னா இப்படித்தான் ஆவும், செல்வி." அம்மா தாள்களை ஓரம் சேர்த்து, மடிப்பு விழாமல் அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைத்தான் என்னால் இன்னும் ஆறிப்போன மனசோடு எழுத முடியவில்லை. அம்மா என் சிலேட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். ஏ எழுதச் சொன்னாள். நான் எ எழுதினேன். ஐ எழுதச் சொன்னாள். நான் சும்மா இருந்தேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் எழுதியும் இருப்பேன். "பயப்படாதட்டி, அம்மா வையமாட்டேன். தெரிஞ்சத மட்டும் எழுது" என்று சொல்லிவிட்டு, என் கையைத் தன் கைக்குள் பிடித்துத் தானே எழுத ஆரம்பித்தாள். என் கை அவள் கைக்குள் தானாக ஐ போடப் பார்த்தது. அதற்கு அந்த வளைவு தெரியுமே, என்ன செய்யும்! நான் அதை விடவில்லை. கையைத் துவள விட்டேன், கோடு சரிந்து சிலேட்டை விட்டு வெளியே போனது. மறுபடி எழுத வைத்தாள், மறுபடி துவள விட்டேன். ஐந்தாறு தடவை இருக்கும். அதற்கப்புறம் அவள் என் உள்ளங்கையைத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள், ஏதோ அடிபட்டிருக்கிறதா என்று தேடுகிறவளைப் போல. அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு என் விரலில் விழுந்தது. நான் அசையவில்லை. அம்மா அழுகிறாள், அப்போ என்னை அனுப்ப மாட்டாள் என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டது. அந்தப் பிள்ளையை இப்போது கண்டால் இரண்டு அறை விடலாம் போல் இருக்கிறது. தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது.

அந்த இரண்டு மூன்று நாட்கள் அப்பா தோசைக்கு மார்க் போடுவதை நிறுத்திவிட்டார். பெரியம்மா போனில் வந்து, இப்படிப்பட்ட பிள்ளையை அங்கே ஒண்ணாப்பில் சேர்த்தால் வாத்தியார் பின்பெஞ்சில் தள்ளிவிடுவார், தனக்கோ எழுத்துச் சொல்லித்தரத் தெரியாது என்று இழுத்தார். கௌரியக்கா குழாயடியில் வைத்து அம்மாவிடம், "வேல இன்னிக்கி இல்லன்னா நாளிக்கி கெடைக்கும் செல்வி. கொழந்தைக்கு இந்த வயசு திரும்பி வருமா, இன்னா?" என்று கேட்டார். கேட்ட எல்லோருமே நல்லது நினைத்துத்தான் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், நான் போகிறேனா இருக்கிறேனா என்று. அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊருக்குப் போக எடுக்கும் துணிப்பை பரண்மேலேயே இருக்கிறதா, கட்டிலுக்கு அடியில் இறங்கிவிட்டதா என்று தினமும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டமளிப்பு நாள் வந்தது. எல்லோருக்கும் அங்கி மாட்டினார்கள், எனக்கு மாட்டவில்லை. இன்னொரு வருஷம் யூகேஜியிலேயே இருக்கப்போகிற பிள்ளைக்கு அங்கி எதற்கு? பதினெட்டு பிள்ளைகள் கறுப்பு அங்கியில் வேர்த்து வழிந்துகொண்டு நிற்க, நான் மட்டும் சீருடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மற்ற அம்மாக்கள் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள். நானோ உள்ளுக்குள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கி போட்டவர்களெல்லாம் வண்டி ஏறப்போகிறார்கள், நான் இங்கேயே இருக்கப்போகிறேன்! சந்தோஷம் தாங்காமல் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். கடைசி வரிசையில், அந்த நேரத்தில் லைனில் நின்றிருக்க வேண்டியவள், சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை நாளில் அவளைச் சேலையில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் அவள் கையைத் தட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சொன்னார்: "அம்மா இனிமே வேலைக்குப் போமாட்டா பாப்பா. லெட்டர் குடுத்துட்டா. ஒங்கூடவே இருப்பா, ஒனக்கு எல்லாம் சொல்லித் தருவா." நான் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. தோளிலிருந்தபடியே கையைத் தட்டிக் கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. சாம்பல் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். நீலப் பட்டை வேறு யாருக்கோ போனது.

அதற்குப் பிறகும் விடிகாலை ஐந்தேகாலுக்குக் கம்பெனிப் பேருந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது அம்மா பாயில் எழுந்து உட்காருவாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வாள். பல மாசம் அப்படித்தான். நானோ, அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்று உறுதியானதும், பத்தே நாளில் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினேன். இனி மஞ்சளாக இருக்க வேண்டிய அவசியம் இல்லையே! அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் விமலா மிஸ் அசந்துபோனார். அசந்துபோனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிள்ளையைச் சேர்க்க வருகிற ஒவ்வொரு தாயிடமும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, இந்தப் பிள்ளையின் அம்மா வேலையை விட்டதும் இது எப்படி ஆகிவிட்டது பாருங்கள் என்று காட்ட ஆரம்பித்தார். கழுத்தில் அட்டையோடு வந்த எத்தனையோ பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்கள். அவர்களில் யார் யார் வேலையை விட்டார்களோ, எனக்குத் தெரியாது. சில நாள் அது என்னைத் தூங்க விடாது.

செய்தது என்ன என்று எனக்கு விளங்கியபோது பன்னிரண்டு, பதின்மூன்று வயசு. விளங்கினதும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்குள் அது எங்கள் குடும்பத்துக் கதையாகிவிட்டது. கல்யாண வீடுகளில், சொந்தக்காரர்கள் நடுவில், "இவளுக்கு அஞ்சு வயசுல படிச்ச எழுத்தெல்லாம் மறந்து போச்சு, நான் வேலைய விட்டுட்டுக் கூட இருந்துல்ல தேத்துனேன்" என்று அம்மா சொல்வாள். அந்த நீலப் பட்டையை நான் பறித்துக்கொண்டதற்கு ஈடாக அவளிடம் இருந்தது அந்தக் கதை ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பிடுங்குவது?

இப்போது நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே "ஃபேமிலி டே" வைப்பார்கள். வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்கு உள்ளே சுற்றிக் காட்டிச் சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். போன முறை அம்மாவைக் கூட்டிப்போனேன். எங்கள் கம்பெனியிலும் ஒயர் கட்டும் லைன் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள். பலகைகள் நகர்ந்துகொண்டிருந்தன. லீடராக இருந்த சின்னப் பெண்ணிடம் டேப் எத்தனை சுற்று, ஒரு பலகைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே வந்தவள், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "இங்க எத்தன வயசு வரைக்கும் எடுப்பாங்கம்மா?" என்று கேட்டாள். இருபத்தாறு வரைக்கும்தான் அக்கா என்றாள் அந்தப் பெண். அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. சும்மாதான் கேட்டேன் என்பது போல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். ஸ்டிக்கரிலிருந்து சிலேட்டு வரைக்கும் எல்லாம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அப்போ ஒனக்கு அன்னைக்கே எல்லாம் எழுதத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "நீ வயித்துல இருக்கையில எட்டு மாசம் வரைக்கும் நின்னுகிட்டே வேல பாத்தேன். அதனாலதான் பிள்ளைக்கு அப்பிடி ஆயிட்டுன்னு நெனச்சேன். யார்ட்டயும் சொல்லல" என்று சொல்லிவிட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் எனக்குக் கோபம் தெரியவில்லை. பெரிய பாரம் இறங்கின மாதிரிதான் இருந்தது. அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பேருந்து பிள்ளைப்பாக்கம் பக்கம் திரும்பியது. நர்சரி இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிப் பெண்கள் ஹாஸ்டல் நிற்கிறது. விமலா மிஸ் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. கௌரியக்காவின் ஐந்து போர்ஷனும் போய்விட்டன, அந்தப் பொதுக் குழாயும் இல்லை. ஹாஸ்டல் மாடி முழுக்கச் சாம்பலும் நீலமுமாகக் கம்பெனிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவை கண்ணிலிருந்து மறையும் வரைக்கும் அம்மா கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ நான் வேலைய விட்டிருக்க வேண்டாம், என்ன?" என்றாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை, கடையில் எதையோ வாங்க மறந்ததைக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"வேண்டாம்மா" என்றேன்.